பந்தயப் பெண் குதிரைக்குத் துணை தேடுதல்: சந்தையின் கணக்கும் தலைமுறைகளின் கணக்கும்

நெடுந்தீவின் வெளிகளில் இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்ற குதிரைகளை எமது வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்படும் அவற்றுக்கு எவரும் துணை தேடிக் கொடுப்பதில்லை. எந்தப் பெண் குதிரை எந்த ஆண் குதிரையுடன் சேர வேண்டும் என்பதை இயற்கையும் அவற்றின் மந்தை வாழ்க்கையுமே தீர்மானிக்கின்றன. இதற்கு நேரெதிரான நிலையை அயர்லாந்து, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பான் முதலிய நாடுகளின் பந்தயக் குதிரைப் பண்ணைகளிற் காணலாம். அங்கே ஒரு குட்டி கருவாவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே அதன் தந்தை யார் என்பது ஆராயப்பட்டு, விவாதிக்கப்பட்டு, ஒப்பந்தம் எழுதப்பட்டு முடிவு செய்யப்படுகின்றது.

புற்றரைப் பந்தயங்களில் ஓடி ஓய்வு பெற்ற ஒரு பெண் குதிரைக்குப் பொருத்தமான பொலிகுதிரையை எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பந்தயத்தில் பணம் கட்டுவது சரியா, தவறா என்பது வேறு விவாதம். அதற்குள் நாம் இங்கு நுழையவில்லை. ஓர் உயிரினத்தின் எதிர்காலத்தை மனிதன் தன் கையில் எடுத்துக் கொள்ளும் போது அவனுக்கு ஏற்படுகின்ற பொறுப்பு எத்தகையது என்ற கேள்வியே எமக்கு முக்கியமானது.

அலெப்போவிலிருந்து தொடங்கிய வம்சம்

இன்று உலகெங்கும் ஓடுகின்ற 'தரோபிரெட்' இனப் பந்தயக் குதிரைகளின் மூலத்தைத் தேடிச் செல்வோர் கிழக்கு நாடுகளையே சென்றடைவர். 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட மூன்று ஆண் குதிரைகள் இந்த இனத்தின் தந்தையர்களாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றில் முதன்மையானது, 1704 இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து தோமஸ் டார்லி என்பவரால் அனுப்பப்பட்ட 'டார்லி அரேபியன்' ஆகும். இன்றைய ஆண் தரோபிரெட் குதிரைகளில் ஏறத்தாழ 95 சதவீதமானவை தந்தை வழியில் இந்த ஒரே குதிரையிடமே சென்று முடிகின்றன என 2001 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இந்த இனத்தின் பிறப்புப் பதிவேடு 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தில் தொடங்கப்பட்டு விட்டது. பதிவேட்டுக்கு வெளியிலிருந்து புதிய இரத்தம் உள்ளே வருவதற்கு நடைமுறையில் இடமில்லை. செயற்கை முறைச் சினைப்படுத்தலும் இங்கு அனுமதிக்கப்படுவதில்லை. பசுக்களுக்குச் செய்வது போல உறைந்த விந்தைத் தபாலில் அனுப்பிக் காரியத்தை முடித்து விட முடியாது. பெண் குதிரையை ஆண் குதிரையிடம் நேரிற் கொண்டு சென்று இயற்கையாகச் சேர்த்தாற் தான் பிறக்கும் குட்டி பதிவு செய்யப்படும். எனவே துணையின் தெரிவு என்பது பயணத்தின் தெரிவாகவும் ஆகி விடுகின்றது.

இன்னொரு சமனின்மையையும் இங்கு கவனிக்க வேண்டும். புகழ் பெற்ற பொலிகுதிரை ஒன்று ஒரே பருவத்தில் 150 இற்கும் மேற்பட்ட பெண் குதிரைகளுடன் சேர்க்கப்படுகின்றது. 200 ஐத் தாண்டியவையும் உண்டு. ஆனால் பெண் குதிரையின் கர்ப்ப காலம் ஏறத்தாழப் 11 மாதங்களாகும். வருடத்துக்கு ஒரு குட்டிக்கு மேல் அதனால் ஈன முடியாது. வாழ்நாளில் 10 குட்டிகளை ஈன்றால் அது பெரும் பேறு. ஆண் குதிரையின் உரிமையாளருக்கு ஒரு சேர்க்கை பிழைத்தாலும் நூறு சேர்க்கைகள் மிஞ்சியிருக்கும். பெண் குதிரையின் உரிமையாளருக்கோ பிழைத்துப் போன ஒரு தெரிவு ஒரு முழு ஆண்டையும், பெருந்தொகைப் பணத்தையும், அக்குதிரையின் வாழ்வில் மீளப் பெற முடியாத ஒரு பங்கையும் கொண்டு போய் விடும்.

முதலில் தாயை அறிதல்

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது எமது முதுமொழி. பொலிகுதிரைகளின் விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன்னர் தன்னிடமுள்ள பெண் குதிரையை உள்ளபடி அறிந்து கொள்வதே நல்ல வளர்ப்பாளனின் முதல் வேலையாகும். அது எந்தத் தூரத்தில் நன்றாக ஓடியது? காய்ந்த தரையை விரும்பியதா, மழையில் நனைந்த தரையை விரும்பியதா? இரண்டு வயதிலேயே முதிர்ச்சியடைந்ததா, நான்கு வயது வரை காத்திருக்க வைத்ததா? பந்தயத் தொடக்கக் கூண்டில் அமைதியாக நின்றதா, வியர்த்துப் பதறியதா? கால்கள் எவ்வாறு அமைந்துள்ளன? அதன் தாயும் சகோதரிகளும் எத்தகைய குட்டிகளை ஈன்றன? இந்தக் கேள்விகளுக்கு ஒளிவு மறைவற்ற விடை கிடைத்த பின்னரே அடுத்த படி எடுத்து வைக்கப்பட வேண்டும். தன் குதிரையின் குறையைக் காண மறுப்பவர் அக்குறையை அடுத்த தலைமுறைக்கும் எழுதி வைத்தவராவார்.

இதற்கு உதாரணமாக 'ஏர்பன் சீ' என்ற பெண் குதிரையை எடுத்துக் கொள்ளலாம். 1989 இற் பிறந்த இக்குதிரை 1993 இல் பிரான்ஸின் லோங்ஷாம்ப் திடலில் 2,400 மீற்றர் தூரம் கொண்ட 'ஆர்க் த திரியோம்ப்' பந்தயத்தில் வெற்றி பெற்றது. ஐரோப்பாவின் புற்றரைப் பந்தயங்களில் அதுவே மிகப் பெரிதாக மதிக்கப்படுவது. ஆயினும் அன்று பந்தயம் கட்டியோரிற் பெரும்பாலானோர் அக்குதிரையைப் பொருட்படுத்தவில்லை. தந்தையான 'மிஸ்வாக்கி' வேகத்துக்குப் பெயர் பெற்ற அமெரிக்க வம்சத்தைச் சேர்ந்தது. தாயான 'அலெக்ரெட்டா' தாக்குப்பிடிக்கும் வலிமைக்குப் பெயர் பெற்ற ஜேர்மன் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தது. அதாவது வேகமும் வலிமையும் ஏர்பன் சீயிடம் ஏற்கனவே கலந்திருந்தன.

இதனைவிட முக்கியமான ஒரு விடயமும் இருந்தது. 1961 இற் கனடாவிற் பிறந்த 'நோர்தேர்ன் டான்சர்' என்ற பொலிகுதிரையின் இரத்தம் அக்காலத்திலேயே ஐரோப்பிய பந்தயக் குதிரைகளிற் பரவி விட்டிருந்தது. ஏர்பன் சீயின் வம்சாவளியிலோ நோர்தேர்ன் டான்சர் இருக்கவில்லை. எனவே அக்காலத்தின் மிகச் சிறந்த பொலிகுதிரைகளிடம், நெருங்கிய உறவுக் கலப்பு என்ற அச்சமின்றி, அதனை அனுப்ப முடிந்தது.

வேகமும் வலிமையும்

நோர்தேர்ன் டான்சரின் மகனான 'சட்லர்ஸ் வெல்ஸ்' உடன் ஏர்பன் சீ சேர்க்கப்பட்டது. 1998 இற் பிறந்த குட்டிக்குக் 'கலிலியோ' எனப் பெயரிடப்பட்டது. அது 2001 இல் இங்கிலாந்தின் எப்சம் டேர்பியையும் அயர்லாந்து டேர்பியையும் வென்றது. பின்னர் பொலிகுதிரையாகி, பிரித்தானியா மற்றும் அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரை என்ற இடத்தை 12 ஆண்டுகள் வகித்தது. 2021 இல் இறந்தது.

சில ஆண்டுகளின் பின்னர் அதே ஏர்பன் சீ 'கேப் குரோஸ்' என்ற பொலிகுதிரையுடன் சேர்க்கப்பட்டது. கேப் குரோஸ் 1,600 மீற்றர் ஓட்டத்திற் சிறந்து விளங்கியது. அதன் தந்தையான 'கிறீன் டெசேர்ட்' அதனினும் குறுகிய தூரங்களில் வெற்றி பெற்றது. 2006 இற் பிறந்த 'சீ த ஸ்டார்ஸ்' 2009 ஆம் ஆண்டில் 1,600 மீற்றரிலான 2000 கினிஸ் பந்தயத்தையும், 2,400 மீற்றரிலான டேர்பியையும், ஆர்க் பந்தயத்தையும் வென்று ஆறு மாதங்களில் ஆறு முதற்தரப் பந்தயங்களைக் கைப்பற்றியது. தாயிடமிருந்து வலிமையையும் தந்தையிடமிருந்து வேகத்தையும் அது பெற்றது என்று கூறுவது மிகைப்பட்ட கூற்றாகாது.

இதன் மறுபக்கத்தைப் 'பிராங்கெல்' என்ற குதிரையின் பிறப்பிற் காணலாம். அதன் தாயான 'கைன்ட்' 1,000 மீற்றர், 1,200 மீற்றர் போன்ற குறுந்தூர ஓட்டங்களில் வென்றது. குறுந்தூரக் குதிரைக்கு இன்னொரு குறுந்தூரக் குதிரையையே துணையாகத் தேடாமல், 2,400 மீற்றர் டேர்பி வென்ற கலிலியோவிடம் அனுப்பினர். 2008 இற் பிறந்த பிராங்கெல் ஓடிய 14 பந்தயங்களிலும் தோல்வியே காணவில்லை. அதன் சிறப்பு, தாயின் தூரமும் தந்தையின் தூரமும் சந்திக்கின்ற 1,600 மீற்றரை மையமாகக் கொண்டே வெளிப்பட்டது. ஆகா கான் குடும்பத்தின் பண்ணையிற் பிறந்து 2008 இல் ஆர்க் பந்தயத்தைத் தோல்வியே காணாமல் வென்ற 'சர்காவா' என்ற பெண் குதிரையும் இத்தகைய கலப்பின் விளைவே. அதன் தந்தை குறுந்தூர வேகத்துக்கு உரியது. தாயின் தந்தையோ 1988 இல் டேர்பி வென்ற குதிரையாகும். மூன்றாம் ஆகா கான் 1920 களில் வாங்கிய 'மும்தாஜ் மஹால்' என்ற வேகமான பெண் குதிரையே சர்காவாவின் தாய்வழி மூதாதையாகும். ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஒரு பெண் வழியைப் பொறுமையோடு காத்து வந்ததன் பயன் அது.

அனுபவத்தால் அறியப்பட்டிருந்த இவ்விடயத்துக்கு 2010 இல் அறிவியல் விளக்கமும் கிடைத்தது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு பரம்பரை அலகின் இரு வடிவங்கள் குதிரையின் ஓட்டத் தூரத்துடன் தொடர்புபட்டுள்ளதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 'சி' என்ற வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குதிரைகள் பெரும்பாலும் குறுந்தூரத்துக்கு உரியவை. 'ரி' என்ற வடிவத்தை இரு பக்கமும் பெற்றவை நெடுந்தூரத்துக்கு உரியவை. ஒவ்வொன்றில் ஒன்றைப் பெற்றவை இடைத்தூரங்களிற் சிறக்கின்றன. 'சி-சி' வகைத் தாயை 'ரி-ரி' வகைத் தந்தையுடன் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் யாவும் 'சி-ரி' வகையாகவே இருக்கும். இரு பெற்றோரும் 'சி-ரி' வகையாயின் நான்கில் ஒரு வாய்ப்புக் குறுந்தூரத்துக்கும், நான்கில் ஒன்று நெடுந்தூரத்துக்கும், மீதிப் பாதி இடைத்தூரத்துக்கும் உரியதாகும்.

இந்தப் பரிசோதனை தூரத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றது என்பதை மறந்து விடக் கூடாது. குதிரை நன்றாக ஓடுமா என்பதை அது சொல்வதில்லை. மெதுவாக ஓடும் குறுந்தூரக் குதிரைகளும் உலகில் ஏராளம் உண்டு.

புற்றரை கேட்பது என்ன?

அமெரிக்காவின் முக்கிய பந்தயங்கள் மண் தடத்தில் நடைபெறுகின்றன. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பெரும் பந்தயங்கள் புற்றரையில் நடைபெறுகின்றன. மண் தடத்தில் ஆரம்பத்திலிருந்தே வேகமெடுத்து, முகத்தில் அடிக்கின்ற மண்ணைத் தாங்கி, அந்த வேகத்தை இறுதி வரை இழக்காதிருத்தல் வேண்டும். புற்றரை ஓட்டத்தில் பெரும்பாலும் நிதானமாக ஓடி, இறுதிச் சில நூறு மீற்றர்களிற் திடீரென வேகத்தை மாற்றும் திறனே வெற்றியைத் தீர்மானிக்கின்றது. எனவே புற்றரையில் ஓடிய பெண் குதிரைக்குத் துணை தேடுவோர், பொலிகுதிரையின் குட்டிகள் எத்தகைய தரையில் வென்றுள்ளன என்பதைத் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கின்றனர்.

ஆயினும் இதனை அசைக்க முடியாத விதியாகக் கொள்ள முடியாது. 'சண்டே சைலன்ஸ்' என்ற குதிரை 1989 இல் அமெரிக்காவின் மண் தடத்தில் கென்டக்கி டேர்பியை வென்றது. ஆனால் அமெரிக்க வளர்ப்பாளர்கள் அதன் மீது போதிய ஆர்வம் காட்டாததால் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. அங்கே அது 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் முதன்மைப் பொலிகுதிரையாக விளங்கியது. அதன் குட்டிகள் வென்றதோ பெரும்பாலும் புற்றரையில்! பெற்றோர் ஓடிய தரையைக் காட்டிலும் குட்டிகள் ஓடிய தரையே நம்பகமான சாட்சி என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

வென்ற குதிரை நல்ல தந்தையா?

பந்தயத்திற் பெற்ற புகழுக்கும் தந்தை என்ற வகையிற் பெறும் வெற்றிக்கும் இடையில் உறுதியான தொடர்பில்லை என்பதற்கு 'லம்தாரா' சான்றாகும். 1995 இல் டேர்பியையும் ஆர்க் பந்தயத்தையும் தோல்வியே காணாது வென்ற அக்குதிரை, மறு ஆண்டில் 3 கோடி அமெரிக்க டொலருக்கு ஜப்பானுக்கு விற்கப்பட்டதாகக் கூறப்பட்டது. பொலிகுதிரை என்ற வகையில் அது பெரும் ஏமாற்றத்தையே அளித்தது. 2006 இல் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

எனவே ஒரு பொலிகுதிரையை மதிப்பிட அதன் குட்டிகளையே பார்க்க வேண்டும். எத்தனை குட்டிகள் வென்றன என்பதுடன் எத்தனை பிறந்தன என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். 1,000 குட்டிகளில் 50 பெரும் வெற்றியாளர்களைத் தந்த குதிரையை விட, 200 குட்டிகளில் 20 பேரைத் தந்த குதிரை சிறந்தது. ஆனால் விளம்பரங்களில் முதலாவதன் பெயரே பெரிதாகத் தெரியும். குறிப்பிட்ட ஒரு தந்தை வழியும் குறிப்பிட்ட ஒரு தாய் வழியும் சேர்ந்தால் 'ராசி' என்று கூறப்படுவதையும் இவ்வாறே ஆராய வேண்டும். கலிலியோவும் 'டேன்ஹில்' என்ற குதிரையின் மகள்மாரும் சேர்ந்த போது பிராங்கெல் உட்பட பல சிறந்த குதிரைகள் பிறந்தன என்பது உண்மையே. அதேவேளை, மிகச் சிறந்த டேன்ஹில் மகள்மாரே கலிலியோவிடம் பெருமளவில் அனுப்பப்பட்டனர் என்பதும் உண்மையாகும்.

புதிய பொலிகுதிரைகளின் விடயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 2020 இற் சேர்க்கப்பட்டால் 2021 இற் குட்டி பிறக்கும். அக்குட்டி 2023 இலேயே முதன்முறையாக ஓடும். இடைப்பட்ட காலத்தில் அப்பொலிகுதிரையின் தகுதியை எவராலும் நிரூபிக்க முடியாது. முதலாண்டிற் புதுமையின் கவர்ச்சியால் கூட்டம் சேர்கின்றது. மூன்றாம், நான்காம் ஆண்டுகளிற் தயக்கம் ஏற்பட்டுக் கட்டணமும் குறைகின்றது. குட்டியை ஒரு வயதில் ஏலத்தில் விற்க நினைப்பவர் புதுமையை நாடுவார். அதனைத் தானே ஓட விட நினைப்பவருக்கோ நிரூபிக்கப்பட்ட, ஆனால் நாகரிகம் கடந்து போன ஒரு பழைய பொலிகுதிரையே பெரும்பாலும் இலாபகரமானது. விற்பதற்கா, ஓடுவதற்கா என்ற கேள்விக்கு முதலிலேயே விடை காணாதவர் இரண்டு ஆற்றிலும் கால் வைத்தவராகி விடுவார்.

உடலமைப்பும் உறவுக் கலப்பும்

காகிதத்திற் பொருந்துகின்ற வம்சாவளி களத்திற் பொருந்தாமற் போவதுண்டு. முன்னங்கால் முழங்கால் பின்னோக்கி வளைந்திருக்கும் பெண் குதிரையை அதே குறையுள்ள ஆண் குதிரையுடன் சேர்த்தல் ஆகாது. அதற்காக எதிர்த் திசையில் அளவு மீறிய இன்னொன்றுடன் சேர்த்துச் சமப்படுத்தலாம் என்று நினைப்பதும் தவறே. இரண்டு பிழைகளின் கூட்டுத் தொகை எப்போதும் சரியாவதில்லை. குறையுள்ள இடத்திற் செம்மையாக அமைந்த துணையைத் தேடுவதே அறிவுடைமை. தாய் சிறிய உடலுடையதாயின் பெரிய ஆண் குதிரையுடன் சேர்ப்பது ஆபத்தாகுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. வண்டி இழுக்கும் பேருருக் குதிரைகளையும் மிகச் சிறிய ஷெட்லண்ட் குதிரைகளையும் கலப்புச் செய்து 1938 இல் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட ஆய்வு, பிறக்கும் போது குட்டியின் அளவைத் தாயின் கருப்பையே பெரிதும் தீர்மானிக்கின்றது என்பதைக் காட்டியது.

உறவுக் கலப்பே இன்றைய நிலையிற் பெருஞ் சிக்கலாக உருவெடுத்துள்ளது. ஒரே மூதாதை தந்தை பக்கத்தில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கத்தில் மூன்றாம் தலைமுறையிலும் வந்தால் அதனை வளர்ப்பாளர்கள் '3 இன் மேல் 3' என எழுதுகின்றனர். டேன்ஹில் அவ்வாறு 'நட்டால்மா' என்ற பெண் குதிரையின் பெயரை இரு பக்கமும் கொண்டிருந்தது. 2017 இலும் 2018 இலும் ஆர்க் பந்தயத்தை வென்ற 'எனேபிள்' சட்லர்ஸ் வெல்ஸின் பெயரை அதனினும் நெருக்கமாக, தந்தை பக்கத்தில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கத்தில் இரண்டாம் தலைமுறையிலும் கொண்டிருந்தது. 2018 இல் டேர்பி வென்ற 'மசார்' எமது ஏர்பன் சீயின் பெயரை இரு பக்கமும் கொண்டதாகும்.

இவ்வெற்றிகளைக் காட்டி உறவுக் கலப்பை நியாயப்படுத்துவோர், வெற்றி பெறாதவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளின் பரம்பரைத் தகவல்களை ஆராய்ந்து 2020 இல் வெளியான ஆய்வு, அவற்றில் 97 சதவீதமானவற்றின் வம்சாவளியில் நோர்தேர்ன் டான்சர் இடம்பெற்றிருப்பதையும், கடந்த ஐந்து தசாப்தங்களில் உறவுக் கலப்பு அதிகரித்து வந்திருப்பதையும் வெளிப்படுத்தியது. உறவுக் கலப்பு மிகுந்த குதிரைகள் பந்தயக் களத்தை எட்டும் வாய்ப்பே குறைவு என 2022 இல் வெளியான இன்னோர் ஆய்வு கூறியது. தோற்ற குதிரைகளை எண்ணுவதற்கு ஆளுண்டு. ஓடாமலே போன குதிரைகளை எண்ணுவார் இல்லை.

இந்த ஆபத்தை உணர்ந்து அமெரிக்காவின் ஜொக்கி கிளப் 2020 இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலும் அதன் பின்னரும் பிறக்கும் ஆண் குதிரைகள் ஒரு பருவத்தில் 140 பெண் குதிரைகளுக்கு மேற் சேர்க்கப்படக் கூடாது என்பதே அவ்விதி. பெரும் பண்ணைகள் நீதிமன்றத்தை நாடின. 2022 இல் அவ்விதி கைவிடப்பட்டது. சந்தையின் குரல் எச்சரிக்கையின் குரலை விஞ்சி விட்டது என்றே இதனைக் கொள்ள வேண்டியுள்ளது.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. கலிலியோவின் மகள்மார் பெருகி, அவற்றுக்கு ஐரோப்பாவில் உறவல்லாத துணையைக் காண்பது அரிதான போது, அயர்லாந்தின் பெரும் பண்ணை ஒன்று தன் சிறந்த பெண் குதிரைகளை ஜப்பானுக்கு அனுப்பியது. சண்டே சைலன்ஸின் மகனான 'டீப் இம்பெக்ட்' அங்கிருந்தது. நோர்தேர்ன் டான்சர் அதன் வம்சாவளியில் நான்காம் தலைமுறை என்ற தூரத்திலேயே இருந்தது. விளைவாக 2018 இல் 2000 கினிஸ் வென்ற 'சக்சன் வொரியர்', 2021 இல் ஓக்ஸ் பந்தயத்தை 16 குதிரை நீளங்களால் வென்ற 'ஸ்னோபோல்', 2023 இல் டேர்பி வென்ற 'ஒகஸ்ட் ரொடின்' ஆகியவை பிறந்தன. தூரத்து உறவைத் தேடிச் சென்றோர் வெறுங்கையுடன் திரும்பவில்லை.

நாட்காட்டியும் தாயின் உயிரும்

வட அரைக்கோளத்திற் பிறக்கும் பந்தயக் குதிரைகள் யாவற்றுக்கும் ஜனவரி 1 ஆம் திகதியே பிறந்த நாளாகக் கொள்ளப்படுகின்றது. பெப்ரவரியிற் பிறந்த குட்டியும் மே மாதத்திற் பிறந்த குட்டியும் பதிவேட்டில் ஒரே வயதுடையவை. எனவே குட்டி ஆண்டின் தொடக்கத்திலேயே பிறக்க வேண்டும் என அனைவரும் விரும்புகின்றனர். இயற்கையோ பகல் நீளும் இளவேனிலிலேயே பெண் குதிரையைக் கருவுறத் தயார்ப்படுத்துகின்றது. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக டிசம்பர் மாதத்திலிருந்தே தொழுவத்தில் மின்விளக்கு எரித்து நாளொன்றுக்கு 16 மணித்தியால வெளிச்சம் கொடுக்கப்படுகின்றது.

பெண் குதிரைக்கு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை வேட்கைக் காலம் வரும். மிருக வைத்தியர் சூல் வெளியேறும் நேரத்தைக் கணித்துச் சொல்ல, அதற்கேற்ப அது பொலிகுதிரையிடம் கொண்டு செல்லப்படும். சேர்க்கையின் பின் இரண்டு வாரமளவில் ஸ்கான் பரிசோதனை செய்யப்படுகின்றது. கரு தரித்ததா என்பதுடன், இரட்டைக் கருவா என்பதை அறிவதும் அதன் நோக்கமாகும். குதிரையில் இரட்டைக் கரு பெரும்பாலும் இரண்டு குட்டிகளையும் இழக்கச் செய்வதோடு தாயின் உயிருக்கும் ஆபத்தாகும். வயது முதிர்ந்த, கருத்தரிக்கச் சிரமப்படும் பெண் குதிரையைக் கடல் கடந்து அனுப்புவதா, அண்மையிலுள்ள பண்ணையில் நல்ல கருவளமுள்ள துணையிடம் விடுவதா என்பதும் தெரிவின் ஒரு பகுதியேயாகும். தொலைவிலுள்ள உத்தமனை விட அருகிலுள்ள நல்லவன் மேல் என்பது இங்கும் பொருந்தும்.

ஏர்பன் சீயின் முடிவு இதனை உணர்த்தும். 2009 மார்ச் மாதத்தில், தன் 20 ஆவது வயதில், கடைசிக் குட்டியை ஈன்ற பின் ஏற்பட்ட சிக்கலால் அது இறந்தது. அதன் மகனான சீ த ஸ்டார்ஸ் 2000 கினிஸை வென்றது அதே ஆண்டு மே மாதத்திலாகும். எத்தனை வயது வரை ஒரு பெண் குதிரையிடம் குட்டிகளைக் கேட்கலாம் என்ற கேள்வியை வளர்ப்பாளர்கள் தமது மனச்சாட்சியிடம் கேட்டே ஆக வேண்டும்.

கணக்குக்கு அடங்காதது

இத்தனையும் பார்த்துச் செய்யும் தெரிவுக்கும் உத்தரவாதம் இல்லை. ஏர்பன் சீ கிறீன் டெசேர்ட்டின் வழியுடன் மூன்று முறை குட்டி ஈன்றது. கிறீன் டெசேர்ட்டுக்கே பிறந்த 'செரி ஹின்டன்' பெரிய பந்தயம் எதனையும் வெல்லவில்லை. அதன் மகன் கேப் குரோஸுக்குப் பிறந்தது சீ த ஸ்டார்ஸ். இன்னொரு மகனான 'இன்வின்சிபிள் ஸ்பிரிட்'டுக்குப் பிறந்த 'போர்ன் டு சீ' அயர்லாந்து டேர்பியில் இரண்டாமிடம் பெற்றது. தாய் ஒன்று, தந்தை வழி ஒன்று, விதியோ மூன்று. வெல்லாத அந்தச் செரி ஹின்டன் பின்னர் ஈன்ற 'பிரேஸ்லெட்' 2014 இல் அயர்லாந்து ஓக்ஸ் பந்தயத்தை வென்றது என்பதையும் இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது.

இத்தாலியின் புகழ் பெற்ற வளர்ப்பாளரான பெடரிக்கோ டெசியோ தன் 'நொகாரா' என்ற பெண் குதிரையை 'பெயார்வே' என்ற பொலிகுதிரையிடம் அனுப்ப விரும்பினார். அதற்கு அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி அதன் சொந்தச் சகோதரனான 'பேரோஸ்' இடம் அனுப்பினார். 1935 இற் பிறந்த குட்டியே தோல்வியே அறியாத 'நியார்க்கோ'. நோர்தேர்ன் டான்சர் அதன் பேரனாகும். இன்றைய பந்தயக் குதிரைகளில் அநேகமாக யாவும், கிடைக்காத ஒரு முதற் தெரிவுக்குப் பதிலாக வந்த இரண்டாம் தெரிவின் வழித்தோன்றல்களே.

இதனால் தெரிவு என்பது வீண் வேலை என்றாகி விடாது. டெசியோ இரண்டாவதாகத் தெரிவு செய்ததும் அதே இரத்தத்தையே. தாயை அறிந்து, அதன் தேவையை உணர்ந்து தேடியவருக்கே தற்செயலும் துணை நின்றது. பிராங்கெலிடம் ஒரு பெண் குதிரையைச் சேர்ப்பதற்கு 2024 இல் 350,000 ஸ்டேர்லிங் பவுண் கேட்கப்பட்டது. அத்தொகையைக் கொடுக்கக் கூடியவர் உலகில் சிலரே. ஆயினும் ஒரே ஒரு பெண் குதிரையை வைத்திருக்கும் சிறிய வளர்ப்பாளர், விளம்பரத்துக்கு மயங்காமல், தன் குதிரைக்கு உறவில் தூரமான, உடலமைப்பிற் செம்மையான, மனநிலையில் அமைதியான ஒரு துணையைத் தேடுவாராயின், அவர் தன் ஒரு குட்டிக்கு மட்டுமன்றி முழு இனத்துக்கும் தொண்டு செய்தவராவார். மூன்று ஆண் குதிரைகளின் பெயராற் தொடங்கிய ஓர் இனம் ஒரேயொரு பெயருக்குள் ஒடுங்கி விடுமா என்பதை, ஒவ்வோர் ஆண்டும் இளவேனிலில் அத்தகையோர் எடுக்கின்ற சிறு சிறு முடிவுகளே தீர்மானிக்கப் போகின்றன. ஓட முடியாத குட்டிக்குப் பேசத் தெரியாது. அதற்காகவும் சிந்தித்துத் தெரிவு செய்ய வேண்டியவன் மனிதனே.